நோட்டீஸ் யாரைக் கூப்பிடுது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன வாரம் தலைவி அக்கா போன் பண்ணினாங்க. "நீ ஃப்ளெக்ஸ் கடையில வேலை பார்த்தவதானே, விளம்பரத்தைப் பத்தி கொஞ்ச நேரம் பேசு"ன்னாங்க. மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லைன்னு சொன்னேன். "குழுவுல பேசுற மாதிரியே பேசு"ன்னாங்க. அதனால குழுவுல பேசுற மாதிரிதான் பேசப் போறேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

கடைக்குள்ள நடக்கிறது

கும்மிடிப்பூண்டி பஜார்ல ஒரு டிடிபி கடையில ஏழு வருஷம் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து டிசைன் பண்ணினவ நான். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, மனை விற்பனை நோட்டீஸ், நகைக்கடன் நோட்டீஸ், ஆள் தேவை நோட்டீஸ் எல்லாம் என் கை வழியா போயிருக்கு. நீங்க ரோட்டுல பார்த்து, பஸ்ல வாங்கிப் படிச்சு, கடைசியில வடை மடிச்சுத் தின்ன நோட்டீஸ்ல பாதி நான் அடிச்சதா இருக்கும்.

அங்க நான் முதல்ல கத்துக்கிட்டது ஒண்ணு. விளம்பரம் கொடுக்க வர்றவர் "என்ன எழுதணும்"னு ஆரம்பிக்க மாட்டார். "இது யாருக்கு"ன்னுதான் ஆரம்பிப்பார். மனை விக்கிறவர் வருவார். "மேடம், இது சிப்காட்டுல பர்மனென்ட்டா இருக்கிறவங்களுக்கு. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு குழந்தை, ஒரு கார் வர்ற மாதிரி படம் போடுங்க"ம்பார். அதே ஆள் அடுத்த மாசம் வந்து, "இது காய்கறி விக்கிறவங்க, வீட்டு வேலை செய்றவங்களுக்கு. கார் வேண்டாம். மாசத் தவணையைப் பெருசா போடுங்க, பக்கத்துல ஒரு அம்மன் படம் போடுங்க"ம்பார். மனை ஒண்ணுதான். ஆள் மாறினதும் படம் மாறிடுது.

நாளைக்குக் காலையில கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி சிப்காட் வரைக்கும் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு நடந்து பாருங்க. வாடகை ரூம், ஊருக்குப் பணம் அனுப்புறது, ரீசார்ஜ், இதெல்லாம் இந்தியில எழுதியிருக்கும். பீகார், ஒடிசா, அசாம்னு வந்து கம்பெனியில வேலை பார்க்கிற பசங்களுக்கு அது. ஆந்திரா எல்லை பக்கம் போகப் போக தெலுங்குல போர்டு வரும். நகைக்கடன், குழுக்கடன், தீபாவளிச் சீட்டு, இதெல்லாம் தமிழ்ல இருக்கும், பக்கத்துல புடவை கட்டின ஒரு பெண் சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. அது நம்மளைக் கூப்பிடுது. மின்சார ரயில் பெட்டியில "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்"னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. ஓரத்துல நின்னுக்கிட்டு வர்ற நம்ம பிள்ளைங்களைக் கூப்பிடுது அது.

அதனால எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் நான் மூணு கேள்வி கேட்கிறேன். யாரைக் கூப்பிடுது? எதைக் காட்டிக் கூப்பிடுது? எதைச் சின்ன எழுத்துல போட்டிருக்கு? இன்னைக்கு நான் பேசப் போறது இந்த மூணு கேள்வியைப் பத்தித்தான்.

எழுத்து தெரியாதவங்ககிட்டயும் படம் பேசும்

நம்ம குழுக்கள்ல இன்னும் கைநாட்டு வைக்கிற பெரியம்மாக்கள் இருக்காங்க. அவங்க நோட்டீஸ் படிக்க மாட்டாங்க, ஆனா படத்தைப் பார்ப்பாங்க. இது ரொம்பக் காலமா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சுதந்திரத்துக்கு அப்புறம் 1951-52ல முதல் பொதுத்தேர்தல் நடந்தப்போ நாட்டுல பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலதான் சின்னம் கொடுத்தாங்க. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம். காங்கிரசுக்கு அப்போ நுகத்தடி பூட்டின இரட்டைக் காளை. ஏர் ஓட்டுறவன் அதைப் பார்த்ததும் தன் வீட்டு மாடு ஞாபகம் வரும். ஒரு எழுத்து கூட இல்லாமலே விவசாயிகிட்ட பேசிடுச்சு அந்தப் படம்.

இன்னொண்ணும் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் சுவத்துல தலைகீழா ஒரு சிவப்பு முக்கோணம், பக்கத்துல அப்பா, அம்மா, பையன், பொண்ணுன்னு நாலு முகம். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக 1960கள்ல வந்த படம். முதல்ல "ரெண்டு அல்லது மூணு போதும்"னு இருந்தது, அப்புறம் "நாம் இருவர் நமக்கு இருவர்" ஆச்சு. அந்த நாலு முகமும் சிரிச்ச முகம். சின்னக் குடும்பம்னா சந்தோஷமான குடும்பம்னு சொல்ல பக்கம் பக்கமா எழுத வேண்டியிருக்கலை, நாலு சிரிப்பு போதுமா இருந்தது.

படம் மட்டுமில்லை, விலையும் பேசும். கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டுல அடைச்சு விக்க வழி பண்ணினார். அவர் குடும்பத்திலிருந்து வந்ததுதான் சிக் ஷாம்பூ. அதுக்கு முன்னாடி ஷாம்பூன்னா பாட்டில். பாட்டில் வாங்குற வீடு வேற, நம்ம வீடு வேற. சின்ன பாக்கெட்டு பெட்டிக்கடையில மாலை மாதிரி தொங்க ஆரம்பிச்சதும், "இது உனக்கும்தான்"னு கூலி வேலைக்குப் போற பொண்ணுகிட்ட அதுவே சொல்லிடுச்சு.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, விளம்பரம்னாலே ஏமாத்து வேலைன்னு நீங்க நினைச்சுடக் கூடாது. நல்லதையும் படம்தான் சொல்லுது. யாரு, யாருக்கு, எதுக்குச் சொல்றாங்கன்னு பார்க்கத் தெரியணும், அவ்வளவுதான்.

டிவி நம்ம வீட்டுக்குள்ள பார்க்கிறது

இதயம் நல்லெண்ணெய் விளம்பரத்துல நடிச்ச நடிகை சித்ராவை ஞாபகம் இருக்கா? எத்தனையோ சினிமாவுல நடிச்சவங்க. ஆனா கடைசி வரைக்கும் ஜனங்க அவங்களை "நல்லெண்ணெய் சித்ரா"ன்னுதான் கூப்பிட்டாங்க. ஒரு விளம்பரம் ஒருத்தங்க பேரையே மாத்திடுது பாருங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி ஒரு முகம். அந்த முகம் சொன்னா அத்தை சொன்ன மாதிரி, அக்கா சொன்ன மாதிரி.

1980கள்ல தூர்தர்ஷன்ல லலிதாஜின்னு ஒரு அம்மா வருவாங்க, சர்ஃப் விளம்பரம். அப்போ விலை குறைஞ்ச நிர்மா பவுடர் நாடு முழுக்க வித்துக்கிட்டு இருந்தது. சர்ஃப் விலை ஜாஸ்தி. என்ன பண்ணினாங்க? பேரம் பேசி, தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குற கறாரான குடும்பத் தலைவியைக் கொண்டு வந்தாங்க. அவங்களே இதை வாங்குறாங்கன்னா கணக்குப் போட்டுத்தான் வாங்குவாங்கன்னு நமக்குத் தோணும். நம்ம சிக்கனத்தையே எடுத்து, விலை ஜாஸ்தியான பொருளை வித்துட்டாங்க. நம்மளை எவ்வளவு நல்லா கவனிச்சிருக்காங்கன்னு யோசிங்க.

சில விளம்பரம் நம்ம பயத்தைக் கவனிக்கும். முகம் வெளுக்கிற கிரீம் 1975லயே வந்துடுச்சு, ஃபேர் அண்ட் லவ்லி. அதுல வர்ற கதை உங்களுக்கே தெரியும். கறுப்பா இருக்கிற பொண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. கிரீம் போடுவா. நாலு முகம் வரிசையா வரும், ஒண்ணை விட ஒண்ணு வெளுப்பா. அப்புறம் எல்லாம் கிடைக்கும். பொண்ணு கறுப்புன்னு சொல்லி நம்ம வீட்டு வாசல்ல வந்து பேசிட்டுப் போனவங்களோட வார்த்தைதான் அது. நம்ம மனசுல ஏற்கனவே இருந்த காயத்துல போய் உட்கார்ந்துச்சு அந்தப் படம்.

ஆனா இந்தக் கதை அங்க முடியலை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அந்த விளம்பரங்களை எதிர்த்துப் புகார் கொடுத்து, விடாம நின்னாங்க. 2003ல மத்திய அரசு ரெண்டு விளம்பரத்தை டிவியில காட்டக் கூடாதுன்னு நிறுத்திச்சு. 2020ல கிரீம் பேரிலிருந்து "ஃபேர்"ங்கிற வார்த்தையே போயிடுச்சு, இப்போ க்ளோ அண்ட் லவ்லி. பேரு மாறினதும் மனசு மாறிடுச்சான்னு கேட்டா, அது வேற பேச்சு. ஆனா பெண்கள் கூட்டமா சேர்ந்து கேள்வி கேட்டா பெரிய கம்பெனி விளம்பரமும் நிக்கும்னு காட்டிட்டாங்க.

பிள்ளைங்களுக்குக் கலக்கிக் கொடுக்கிற பவுடரும் அப்படித்தான். டிவியில ஒரு பையன் உயரமா ஓடுவான், இன்னொருத்தன் பின்தங்குவான். அந்தப் படம் பையனுக்கு இல்லை. பின்தங்குறவன் என் பிள்ளையா இருந்துடுமோன்னு பயப்படுற அம்மாவுக்கு. 2024 ஏப்ரல்ல மத்திய அரசு, போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ஆன்லைன் கடைகள்ல "ஹெல்த் டிரிங்க்"ங்கிற தலைப்புக்குக் கீழே வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. உணவுச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கிடையாதாம். இத்தனை வருஷமா நாம அந்த வார்த்தையை நம்பித்தானே மளிகைச் சீட்டுல முதல்ல எழுதினோம்? டப்பா பின்பக்கம் சர்க்கரை எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க. முன்பக்கம் ஓடுற பையன் பெருசு, பின்பக்கம் சர்க்கரை சின்னது. மூணாவது கேள்வி, எது சின்ன எழுத்துல இருக்குங்கிற கேள்வி, அங்கதான் வேலை செய்யும்.

நம்ம சேமிப்பைக் கூப்பிடுற படம்

குழுவுல வாரா வாரம் நாம போடுற சந்தா, கடனுக்கு வர்ற வட்டி, ஒவ்வொரு ரூபாயும் எப்படி வந்ததுன்னு நமக்குத் தெரியும். அந்தப் பணத்தைக் கூப்பிடுறதுக்கும் படம் இருக்கு.

ஈரோடு மாவட்டம் பெருந்துறையில சுசி ஈமு பார்ம்ஸ்னு ஒண்ணு இருந்தது. ஈமு கோழி வளர்க்கப் பணம் கட்டுங்க, பறவையும் தீவனமும் நாங்க தர்றோம், மாசா மாசம் பணம் வரும்னு விளம்பரம். சினிமா நடிகர்களை வெச்சே விளம்பரம் பண்ணினாங்க. 2012ல எல்லாம் கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பம் பணத்தை இழந்தது. கடைசியில தீவனம் இல்லாம அந்தப் பறவைகளும் பட்டினி கிடந்ததைப் பேப்பர்ல படிச்சோம். விளம்பரத்துல நடிகர் சொன்னார்னுதான் நிறைய பேர் நம்பினாங்க. நடிகருக்கு அது ஒரு நாள் ஷூட்டிங். பணம் கட்டினவங்களுக்கு அது ஆயுசு சேமிப்பு.

அப்புறம் ஆருத்ரா கோல்டு டிரேடிங். சென்னையில தலைமை அலுவலகம். மாசத்துக்கு 25, 30 சதவீதம் வரைக்கும் வட்டின்னு சொன்னாங்க. 2022ல பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் உள்ள நுழைஞ்சப்போதான் கணக்கு வெளிய வந்தது. சுமார் ஒரு லட்சம் பேர்கிட்ட 2,438 கோடி ரூபாய். பேரைப் பாருங்க. ஆருத்ரான்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? நம்ம மாவட்டத்துலயே திருவாலங்காட்டுல மார்கழி மாசம் ஆருத்ரா தரிசனத்துக்கு எத்தனை கூட்டம் போகும்! அந்தச் சாமி பேரு ஒரு பக்கம், தங்கம் ஒரு பக்கம். நம்ம மனசுல பத்திரம்னு நினைக்கிற ரெண்டையும் சேர்த்து ஒரு பலகை. பேரே ஒரு படம்தான்.

நம்ம குழுவுல உள்கடனுக்கு எவ்வளவு வட்டி வாங்குறோம்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு வருஷம் முழுக்க நாம சம்பாதிக்கிற வட்டியை ஒருத்தர் ஒரே மாசத்துல தர்றேன்னா, அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பின்னாடி வர்றவங்க கட்டுற பணம்தான் முன்னாடி கட்டினவங்களுக்கு வட்டியா வரும். பின்னாடி வர்ற ஆள் நின்னா எல்லாமே நின்னுடும். கணக்கு எழுதுற நமக்கு இது புரியாததா? புரியும். ஆனா பளபளன்னு பேப்பர்ல பார்த்தா கணக்கு மறந்துடுது.

மனை நோட்டீசும் அப்படித்தான். நான் எத்தனையோ அடிச்சிருக்கேன். காட்டுற வீடு வெளிநாட்டு வீடு, இன்டர்நெட்டுல எடுத்தது. "ஜிஎன்டி ரோட்டிலிருந்து 5 நிமிடம்"னு போடச் சொல்வாங்க. எந்த வண்டியில 5 நிமிஷம்னு நான் கேட்டதில்லை. பெரிய மனைப் பிரிவுன்னா விளம்பரத்துல ரெரா பதிவு எண் கட்டாயம் போடணும்னு சட்டம் இருக்கு. வீட்டுப் படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த எண் இருக்கான்னு தேடுங்க. எண் இல்லைன்னா நோட்டீசை மடிச்சு ஓரமா வெச்சுடுங்க.

நான் டைப் அடிச்ச ஒரு வரி

இப்போ சொல்லப் போறதை நான் எந்தக் கூட்டத்துலயும் சொன்னதில்லை.

கடையில சேர்ந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். ஒரு ஏஜென்ட் வந்தார். கம்பெனிகளுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிறவர். பெண்கள் தேவைன்னு ஒரு நோட்டீஸ். பத்தாவது, பன்னிரண்டாவது படிச்சிருக்கணும், வயசு 18லிருந்து 25. வேன் வசதி, ஒரு வேளைச் சாப்பாடு இலவசம். கடைசியில ஒரு வரி: "திருமணமாகாத பெண்கள் மட்டும்." படத்துக்கு ஹெல்மெட் போட்ட ஒரு பொண்ணு, வெள்ளையா, சிரிச்ச முகமா. அவ நம்ம ஊர்ப் பொண்ணு இல்லை, நம்ம நாட்டுப் பொண்ணான்னே தெரியாது. நானும் ஒண்ணும் யோசிக்கலை. அந்தக் கடைசி வரி கண்ணுல படணும்னு அவர் சொன்னார். சிவப்புல, கொட்டை எழுத்துல போட்டேன். சாயந்திரம் பிரின்ட் எடுத்துக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

அந்த வாரம் எங்க குழுக் கூட்டம். எங்க குழுவுல ஒரு தங்கச்சி, அப்போ 24 வயசு. பத்தாவது பாஸ். ரெண்டு குழந்தை. வீட்டுக்காரருக்கு வேலை செய்ற இடத்துல கால்ல அடிபட்டு ஆறு மாசமா வீட்டுல இருந்தார். அது கடன் கேட்க வந்திருந்தது. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எழுந்து போனப்புறம் என் பக்கத்துல வந்து உட்கார்ந்தது. கையில அந்த நோட்டீஸ். நாலா மடிச்சு வெச்சிருந்தது.

"அக்கா, வயசு சரியா இருக்கு, படிப்பு சரியா இருக்கு. இது ஒண்ணுதான் இடிக்குது. மெட்டியைக் கழட்டிட்டுப் போனா கண்டுபிடிச்சிடுவாங்களா?"

என்னால பதில் சொல்ல முடியலை. அதை டைப் அடிச்சவ நான்தான்னும் சொல்ல முடியலை. "ரேஷன் கார்டு கேட்பாங்கடி"ன்னு மட்டும் சொன்னேன். அது சிரிச்சுது. சிரிச்சுட்டு நோட்டீசைத் திரும்பவும் மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிச்சு. ஏன் கிழிச்சுப் போடலைன்னு எனக்கு இன்னைக்கும் தெரியலை.

சம்பாதிக்க வேண்டிய அவசியம் யாருக்கு ஜாஸ்தின்னு பார்த்தா, ரெண்டு குழந்தையோட அடிபட்ட புருஷனை வெச்சிருக்கிறவளுக்குத்தான். அவளைத்தான் அந்த வரி வாசல்லயே நிறுத்திச்சு. அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. விளம்பரம் யாரைக் கூப்பிடுதுன்னு மட்டும் பார்த்தா போதாது. யாரை "நீ வராதே"ன்னு சொல்லுதுன்னும் பார்க்கணும். கல்யாணம் ஆனவ லீவு போடுவா, பிள்ளை பெறுவா, வீட்டுப் பொறுப்பு இருக்கும்னு யாரோ முடிவு பண்ணிட்டாங்க. அந்த முடிவுக்கு நான் சிவப்பு மை ஊத்தினேன்.

இது எங்க கடையோட கதை மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். 2024 ஜூன் மாசம் பேப்பர்ல பெருசா வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் செய்ற ஃபாக்ஸ்கான் ஆலையில கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காம ஒதுக்கினாங்கன்னு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியிருந்தது. மத்திய அரசு 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, தமிழ்நாடு தொழிலாளர் துறைகிட்ட அறிக்கை கேட்டுச்சு. அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு செய்தி. வயசு, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆச்சா இல்லையா, இதையெல்லாம் ஆள் எடுக்கிற விளம்பரத்துல போடக் கூடாதுன்னு அந்தக் கம்பெனி ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லியிருக்குன்னு. அந்தச் செய்தியை நான் ரெண்டு தடவை படிச்சேன். நோட்டீஸ்லிருந்து வரி போனா போதாது, மனசுலிருந்தும் போகணும், அது உண்மைதான். ஆனா அந்த வரி அங்க நின்னவரைக்கும் நம்மள்ல எத்தனை பேர் கேட்டுக்குள்ளயே போகாம திரும்பியிருப்போம்?

அந்தத் தங்கச்சி குழுவுல கடன் வாங்கித் தையல் மெஷின் போட்டுச்சு. இன்னைக்கு இந்தக் கூடத்துலதான் உட்கார்ந்திருக்கு. பேர் சொல்லக் கூடாதுன்னு நேத்து ராத்திரியே சொல்லிடுச்சு. நோட்டீஸ் அடிச்சது நான்தான்னும் நேத்துத்தான் சொன்னேன். "தெரியும்க்கா, அந்த ஏஜென்ட் கார்டுல உங்க கடை பேர் இருந்துச்சு"ன்னு சொன்னது. இத்தனை வருஷம் எனக்காக அது வாயைத் திறக்கலை.

சட்டத்துக்கும் படத்தோட பலம் தெரியும்

படத்துக்கு இவ்வளவு பலமான்னு யாருக்காவது சந்தேகம் இருந்தா, சட்டத்தைப் பாருங்க. குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலா கொடுக்கிற பால் பவுடருக்கு 1992ல ஒரு சட்டம் போட்டாங்க. அந்த டப்பா மேல குழந்தை படமோ, பெண் படமோ போடவே கூடாது. விளம்பரமும் பண்ணக் கூடாது. கொழுகொழு குழந்தை படத்தைப் பார்த்தா அம்மா தன் பாலையே சந்தேகப்படுவான்னு சட்டம் போட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதே பலத்தைத் திருப்பி வேற பக்கம் வெச்சாங்க. 2009 மே 31லிருந்து பீடி, சிகரெட், புகையிலை பாக்கெட்டுல எச்சரிக்கைப் படம் வந்தது. 2016லிருந்து படமும் எழுத்தும் சேர்ந்த அந்த எச்சரிக்கை பாக்கெட்டுல 85 சதவீத இடத்தைப் பிடிக்கணும். "புகை பிடிப்பது உடல்நலத்துக்குக் கேடு"ன்னு எழுத்துல எத்தனையோ வருஷம் போட்டுப் பார்த்தாங்க. படிக்கத் தெரியாதவனுக்கு அது வெறும் கோடு. புண்ணு பிடிச்ச வாயைப் படமா போட்டதும் எல்லாருக்கும் புரிஞ்சுது.

2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பவும் பண்ணினா 50 லட்சம் வரைக்கும். பொய் விளம்பரத்துல நடிச்சவங்களையும் ஒரு வருஷம் விளம்பரத்துல நடிக்கக் கூடாதுன்னு தடுக்கலாம். 2022ல இன்னும் விதிமுறை வந்தது. நிபந்தனையை எந்த மொழியில விளம்பரம் இருக்கோ அதே மொழியில போடணும், எழுத்தும் அதே மாதிரி இருக்கணும். அதாவது மேல தமிழ்ல ஆசை காட்டிட்டு, கீழ ஒரு நட்சத்திரக் குறி போட்டு இங்கிலீஷ்ல எறும்பு மாதிரி எழுதக் கூடாது. நான் ஏழு வருஷம் எறும்பு மாதிரிதான் எழுதினேன்! புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எழுதி வெச்சுக்குங்க. கைநாட்டு வைக்கிற பெரியம்மாவுக்கும் நாலு நம்பர் ஞாபகம் இருக்கும்.

நம்ம பாக்கெட்டுல நாம என்ன போடுறோம்?

இவ்வளவும் மத்தவங்களைச் சொன்னேன். நம்மளையும் கேட்டுக்கணும். நம்ம குழுக்களும் இப்போ பொருள் விக்கிறோம். ஊறுகாய், மசாலாப் பொடி, சத்துமாவு, பினாயில்னு. மதிங்கிற பேர்ல குழுப் பொருட்களுக்கு ஒரு அடையாளமே இருக்கு. அப்போ நாமளும் விளம்பரம் கொடுக்கிறவங்கதான்.

எங்க குழு முதன்முதல்ல சத்துமாவு போட்டப்போ லேபிள் டிசைன் பண்ணினது நான். தெரிஞ்ச வேலை, விடுவேனா? இன்டர்நெட்டுல ஒரு கொழுகொழு குழந்தை படம் எடுத்தேன். "100% சத்து"ன்னு போட்டேன். கீழ "டாக்டர்கள் பரிந்துரைத்தது"ன்னு ஒரு வரி. கூட்டத்துல வாசிச்சுக் காட்டினேன், எல்லாரும் கை தட்டினாங்க. மூலையில உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, எழுத்து தெரியாதவங்க, "எந்த டாக்டருடி சொன்னாரு?"ன்னு கேட்டாங்க.

ஒருத்தரும் பேசலை. எந்த டாக்டரும் சொல்லலையே! அப்புறம் பாட்டியே சொன்னாங்க: "நாம என்ன போட்டு வறுத்தோமோ அதை எழுது. அது பொய்யில்லை."

அப்படியே எழுதினோம். கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, ஏலக்காய். அரைச்ச தேதி, எத்தனை நாளுக்குள்ள பயன்படுத்தணும், எடை, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், எங்க போன் நம்பர். குழந்தைப் படத்தை எடுத்துட்டு, நாங்க எங்க வாசல்ல கேழ்வரகு காய வெச்ச படத்தைப் போட்டோம். முறமும் எங்க கையும்தான் அதுல தெரியும். கண்காட்சியில ஒரு டீச்சரம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு ரெண்டு கிலோ வாங்கினாங்க. அடுத்த மாசம் அந்த போன் நம்பருக்கே கூப்பிட்டாங்க. திருப்பிப் பார்த்து வாங்குறவங்க ஒரு தடவை வாங்கிட்டு விட மாட்டாங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் மாசத்துல ஒரு கூட்டத்துல பத்து நிமிஷம் ஒதுக்குங்க. அந்த மாசம் கையில கிடைச்ச ஒரு நோட்டீசை யாராவது கொண்டு வாங்க. சீட்டு நோட்டீஸ், கடன் நோட்டீஸ், வேலை நோட்டீஸ், பிள்ளைங்க செல்போன்ல வந்த விளம்பரம், எதுவா இருந்தாலும் சரி. நடுவுல வெச்சு அந்த மூணு கேள்வியைக் கேளுங்க. யாரைக் கூப்பிடுது? எதைக் காட்டிக் கூப்பிடுது? எதைச் சின்ன எழுத்துல போட்டிருக்கு? அதோட அந்தத் தங்கச்சி எனக்குக் கத்துக் கொடுத்த நாலாவது கேள்வியையும் சேர்த்துக்குங்க. யாரை வராதேன்னு சொல்லுது? படிக்கத் தெரிஞ்சவங்க எழுத்தைப் படிங்க, படிக்கத் தெரியாதவங்க படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். "எந்த டாக்டருடி"ன்னு கேட்டது படிக்கத் தெரியாத பாட்டிதான், மறந்துடாதீங்க. பேசினதைத் தீர்மான நோட்டுல ரெண்டு வரி எழுதி வைங்க.

வேலை நோட்டீஸ்ல "திருமணமாகாதவர் மட்டும்"னு பார்த்தா, தயவுசெய்து மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்காதீங்க. கூட்டமைப்புக்குக் கொண்டு வாங்க. ஒருத்தியா கேட்டா "ரூல்ஸ் அப்படித்தாம்மா"ன்னு அனுப்பிடுவாங்க. இத்தனை குழு சேர்ந்து தொழிலாளர் துறைக்கு எழுதினா பதில் சொல்லித்தான் ஆகணும். மனுவை நானே டைப் அடிச்சுத் தர்றேன். காசு வேண்டாம். நான் அடிச்ச அந்த ஒரு வரிக்கு என்னால முடிஞ்சது அதுதான்.